ஆறு வாரப் பயணத்தில் சமையல் கற்றுக்கொள்ள முடியுமா?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கனடாவின் டொராண்டோவில் பிறந்து வளர்ந்த அவருடைய அக்கா மகள், 23 வயதுப் பெண், ஜனவரி முதல் வாரம் வருகிறாளாம். மாமாவும் மருமகளுமாக ஆறு வாரம் தெற்கிலிருந்து வடக்கே சுற்றப் போகிறார்கள். போகிற ஊர்களில் சமையல் கற்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஹோட்டல் செஃப் செய்வதைக் கைகட்டிப் பார்க்க விருப்பமில்லை, தன் கையால் செய்ய வேண்டும். இருவருக்கும் இந்தி தெரியாது. எங்கே போவது, எப்படித் தேடுவது, எவ்வளவு ஆகும், விசாவில் சிக்கல் வருமா என்பதுதான் கேள்வி. என் மகள் வயதுதான் என்பதால் அந்தப் பெண்ணை அவள் என்றே எழுதுகிறேன்.

விசாவை முதலில் முடித்துவிடலாம். டூரிஸ்ட் விசாவில் வருகிறவர்கள் சமையல், இசை, நடனம், உள்ளூர் மொழி, கைவினை போன்றவற்றைக் கொஞ்ச காலம் கற்றுக்கொள்ள விதிகளே இடம் தருகின்றன. முறையான படிப்பாக இருக்கக் கூடாது, 6 மாதத்தைத் தாண்டக் கூடாது, தகுதிச் சான்றிதழோ டிப்ளமோவோ தருவதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு வீட்டு அடுப்படியில் மூன்று மணி நேரம் நின்று அவியல் கற்க ஒரு தடையும் இல்லை. ஓசிஐ (வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

சரி, இனி அடுப்படிக்கு வருவோம். பன்னிரண்டு வருடமாக வெளியூர்க்காரர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக அழைத்துப் போவது என் வேலை. குழுவில் யாராவது ஒருவர் சமையல் வகுப்பு கேட்காமல் இருக்க மாட்டார். கூடப் போய் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்பது வகுப்பாவது பார்த்திருப்பேன். அதை வைத்து உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான். ஊர்களைக் குறையுங்கள், ஒரே ஆளிடம் இரண்டு நாள் கற்கச் சொல்லுங்கள். ஆறு வாரத்தில் பன்னிரண்டு ஊர், பன்னிரண்டு வகுப்பு என்று ஓடினால் அவள் பன்னிரண்டு செய்முறைத் தாள்களோடு ஊர் திரும்புவாள். ஒரு பண்டமும் கைக்கு வந்திருக்காது.

முதல் நாள் வீட்டுக்காரர் செய்யட்டும், இவள் கூடமாட நிற்கட்டும். மறுநாள் அதே பண்டத்தை இவள் செய்யட்டும், அவர் பேசாமல் பார்க்கட்டும். இப்படிக் கேட்டால் முதலில் விழிப்பார்கள். "நேத்து செஞ்சதையேவா?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டே விட்டார். கொச்சிப் பக்கம் நடந்தது அது. முந்தைய நாள் எங்கள் குழுவிலிருந்த ஒரு பெண் ஆப்பம் ஊற்றக் கற்றிருந்தார். ஓரம் சல்லடை மாதிரி மொறுமொறுப்பாக, நடுவில் பஞ்சு மாதிரி, பத்து ஆப்பமும் ஒழுங்காக வந்தன. மறுநாள் தனியாக ஊற்றியபோது மாவு சட்டியில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு நடுவில் போய்ச் சேர்ந்தது. அப்புறம்தான் தெரிந்தது, முதல் நாள் அந்த அம்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு ஆப்பத்துக்கும் தீயைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது. செய்முறைத் தாளிலும் அது இல்லை. இரண்டாம் நாள் இல்லாமல் இந்த விஷயம் வெளியே வந்திருக்காது.

சுற்றுலா ஊர்களில் வகுப்பு என்ற பெயரில் நடப்பதில் பாதி வெறும் காட்சி. ஒரு கடற்கரை விடுதியில் பதினாறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தொப்பி போட்ட செஃப் வந்தார். நறுக்கி வைத்த வெங்காயம், அரைத்து வைத்த மசாலா, வேகவைத்த கோழி எல்லாம் கிண்ணங்களில் தயாராக இருந்தன. இருபது நிமிடத்தில் கிண்ணங்களைக் கடாயில் கவிழ்த்து முடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். மசாலா எப்படி அரைபட்டது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டதற்கு, அது உள்ளே இருக்கிறவர் வேலை என்றார்கள். எனக்கு அந்த உள்ளே இருக்கிறவரிடம்தான் போக வேண்டும் என்று தோன்றியது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் சில கேள்விகள் கேட்டுவிடுங்கள். எத்தனை பேர், எத்தனை அடுப்பு? இரண்டு பர்னருக்கு ஆறு பேருக்கு மேல் என்றால் அவள் கரண்டி பிடிக்கப் போவதில்லை. காலையில் சந்தைக்குக் கூட்டிப் போவீர்களா? கற்றுத் தருகிறவர் அந்த வீட்டில் தினமும் சமைக்கிறவரா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பல இடங்களில் ஆங்கிலம் பேசும் மகனோ மருமகனோ முன்னால் நின்று விளக்குவார், சமைக்கிற அம்மா பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். மகன் பேசட்டும், ஆனால் அம்மாவின் பக்கத்தில்தான் நிற்போம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசியாக, மெனு யாருடையது? "உங்களுக்கு என்ன வேண்டுமோ அது" என்று பதில் வந்தால் பட்டர் சிக்கனும் பாலக் பனீரும்தான் வரும். "இந்த வாரம் எங்கள் வீட்டில் இது" என்று வந்தால் உடனே பதிவு செய்யுங்கள்.

எப்படித் தேடுவது என்றால், தங்குமிடத்தையும் வகுப்பையும் தனித்தனியாகத் தேடாதீர்கள். ஹோம்ஸ்டேயில் தங்குங்கள். அறை பதிவு செய்யும்போதே, ஒரு வேளை சமையலில் கூட நிற்கலாமா, அதற்குத் தனியாக எவ்வளவு என்று கேளுங்கள். வகுப்பு என்று பலகை மாட்டாத வீடுகள்கூட பெரும்பாலும் சம்மதிக்கின்றன. ஏர்பிஎன்பி எக்ஸ்பீரியன்சஸ், டிராவலிங் ஸ்பூன் மாதிரியான தளங்களிலும் வீட்டுச் சமையல்காரர்கள் கிடைப்பார்கள். அவை நடுவில் ஒரு பங்கு எடுக்கும் என்பதால் கட்டணம் கூடுதலாகத் தெரியும். முன்பின் தெரியாத ஊரில் இளம்பெண் ஒரு வீட்டுக்குள் போகும்போது, பத்து பேர் எழுதிவைத்த அனுபவத்தைப் படித்துவிட்டுப் போவதற்கு அந்தக் கூடுதல் தகும். ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் வகுப்பைத் தவிர்த்துவிடுங்கள், அவருடைய கமிஷன் உங்கள் தட்டிலிருந்துதான் போகும்.

இனி ஊர்கள். உங்கள் பயணத்துக்கு நான் நான்கு சொல்வேன்: கேரளத்தில் ஒன்று, செட்டிநாடு, உதய்ப்பூர், அமிர்தசரஸ்.

கேரளத்தில் எல்லோரும் ஃபோர்ட் கொச்சியைச் சொல்வார்கள். அங்கே தெருவுக்கு இரண்டு வீட்டில் மாலை நேர வகுப்பு நடக்கிறது, இரவுச் சாப்பாட்டோடு முடியும். மோசமில்லை. ஆனால் இரண்டு நாள் ஒரே வீட்டில் என்ற என் கணக்குக்குக் குமரகம், வைக்கம், ஆலப்புழைப் பக்கத்துக் காயலோர வீடுகள்தான் தோது. கேரள அரசு 2017-இல் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலா மிஷன், பயணிகளை ஏற்கும் கிராமத்து வீடுகளை இணைத்து வைத்திருக்கிறது. மாநிலச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேகளை டயமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துப் பட்டியலும் தருகிறது. அங்கிருந்து தொடங்கினால் ஏமாற்றம் குறைவு.

அங்கே அவள் கற்க வேண்டியது மண்சட்டி மீன் குழம்பு. கோட்டயம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் குடம்புளி போட்டு வைப்பார்கள். நம் புளியைப் போலக் கரைத்து ஊற்றுவதில்லை, புகையில் உலர்ந்து கறுத்த அந்தத் தோலை ஊறவைத்து அப்படியே சட்டியில் போடுவார்கள். செய்த அன்றைவிட மறுநாள் அதன் சுவையே வேறு. இரண்டு நாள் தங்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். குடம்புளி கெடாமல் வெகுநாள் இருக்கும், கனடாவுக்குக் கொண்டுபோகவும் ஏற்றது. அவள் மீன் சாப்பிடாதவள் என்றால் அவியலும் தோரனும் ஆப்பமும் போதும். இந்து வீடா கிறிஸ்தவ வீடா முஸ்லிம் வீடா என்பதைப் பொறுத்துக் கேரளச் சாப்பாடு முழுக்க மாறிவிடும். மாப்பிளை பிரியாணிதான் வேண்டும் என்றால் தலச்சேரி, கோழிக்கோட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே கைமா என்ற சின்ன அரிசி. பாசுமதியில் செய்தால் அது தலச்சேரி பிரியாணி ஆகாது என்று சண்டைக்கு வருவார்கள், வரட்டும், அவர்கள் சொல்வது சரிதான்.

கேரளத்திலிருந்து காரைக்குடிக்கு வரும் வழியில் குமுளி இருக்கிறது. தேக்கடிக்கு வருகிற பயணிகளுக்காக அங்கே நிறைய வீடுகளில் வகுப்பு நடத்துகிறார்கள். ஏலச்செடியின் அடியில் காய் எப்படித் தரையை ஒட்டிப் பிடிக்கிறது, மிளகுக்கொடி எப்படி மரத்தைச் சுற்றி ஏறுகிறது என்று தோட்டத்தில் காட்டிவிட்டு அடுப்படிக்குக் கூட்டிப்போவார்கள். ஒரு மாலை போதும். டொராண்டோ கடையில் பாக்கெட்டாகவே பார்த்த பெண் செடியில் பார்க்கட்டும்.

செட்டிநாட்டுக்குத் தை பிறந்த பிறகு வாருங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். காரைக்குடி, கானாடுகாத்தான் பகுதியில் பல பழைய வீடுகள் இப்போது விடுதிகளாகிவிட்டன. காரைக்குடி 'தி பங்களா' போன்ற இடங்களில் முன்கூட்டியே கேட்டால் சமையல்கட்டில் நின்று கற்க ஏற்பாடு செய்வார்கள். விலை நம் கணக்குக்கு அதிகம்தான். ஆனால் அம்மி, ஆட்டுக்கல், உரல் மூன்றும் இன்னும் வேலை செய்யும் சமையல்கட்டில் அவள் கைவைத்துப் பார்க்கலாம். அம்மியில் அரைத்ததும் மிக்ஸியில் அரைத்ததும் ஒன்றல்ல என்று எத்தனை முறை சொன்னாலும் புரியாது. கால் மணி நேரம் குழவி பிடித்தால் தோளும் நாக்கும் சேர்ந்து புரிந்துகொள்ளும்.

செட்டிநாடு என்றாலே காரம் என்பது நெடுஞ்சாலை ஹோட்டல் போர்டு பரப்பிய கதை. அங்கே போய்ச் சிக்கன் கறி மட்டும் கற்றுவிட்டு வந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கேட்க வேண்டியவை வேறு. அரிசி களைந்த கழுநீரில் வைக்கும் வெண்டைக்காய் மண்டி, கத்தரிக்காய் கோசமல்லி, வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி. கறுத்த கவுனி அரிசிக்குப் பின்னால் நகரத்தார் கொண்டுவிற்கப் போன பர்மாவின் வாசனை இருக்கிறது. ரங்கூன் புட்டு பெயரிலேயே ஊரை வைத்திருக்கிறது. கல்பாசியை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பாறையில் படரும் பாசி மாதிரி காய்ந்து கிடக்கும், தனியாக முகர்ந்தால் ஒன்றுமே இராது, எண்ணெயில் விழுந்ததும் வீடு முழுக்க மணக்கும். உங்கள் இருவருக்கும் மொழிச் சிக்கல் இல்லாத ஊர் இது. அதனால் 'ஏன்' என்ற கேள்வியை எல்லாம் இங்கே கேட்டுத் தீர்த்துவிடலாம்.

தையில் வரச் சொன்னது கல்யாணத்துக்காக. தை முகூர்த்தங்களில் அந்த ஊர்ச் சமையல் மாஸ்டர்களுக்குத் தூங்க நேரமிருக்காது. விடுதிக்காரர் மூலமாகவோ தெரிந்தவர் மூலமாகவோ ஒரு மாஸ்டரைப் பிடித்து, முந்தைய இரவு காய் நறுக்க வருகிறோம், காசு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். கல்யாண வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நான் இரண்டு பேரை இப்படி அழைத்துப் போயிருக்கிறேன். இரவு பத்தரைக்கு மண்டபத்தின் பின்கட்டில் சாக்குகளை விரித்து எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு அரிவாள்மனை. எங்கள் ஆட்களுக்கு அதைக் கொடுக்கவில்லை, விரல் போய்விடும் என்று சின்ன வெங்காயம் உரிக்க விட்டார்கள். மூன்று மணி நேரம் வெங்காயம். கண்ணில் நீர் வழிய உரித்தபடியே அவர்கள் பார்த்தது பெரிய பாடம். காய் ஒவ்வொன்றும் எந்த அளவு, எந்த வடிவம், எது தண்ணீரில், எது மூடிவைக்கும் துணிக்கடியில் என்று ஒருவர் வாய் திறக்காமல் நடந்துகொண்டிருந்தது.

நாலு மணிக்குக் கோட்டை அடுப்பில் தீ. அறுநூறு பேருக்கான சாம்பார் அண்டாவில் மாஸ்டர் உப்பைக் கையால் அள்ளி மூன்று தடவை வீசினார். நாலாவது தடவை கொஞ்சம் யோசித்துப் பாதியைத் திரும்பப் போட்டார். நாக்கில் வைத்துப் பார்க்கவே இல்லை, கரண்டியைத் தூக்கி ஆவியை முகர்ந்தார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "உப்புப் பத்தலைன்னா பருப்பு வாசனைதான்மா முதல்ல வரும்" என்றார். எந்த வகுப்பிலும் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றிலிருந்து வீட்டில் நானும் முகர்ந்து பார்க்கிறேன், பாதி நாள் சரியாக வருகிறது.

வடக்கே உதய்ப்பூரைச் சொன்னதற்குக் காரணம், இந்தி தெரியாதவர்களுக்கு அங்கே சுலபம். ஜகதீஷ் கோயிலைச் சுற்றியும் லால் காட், ஹனுமான் காட் பக்கத்துச் சந்துகளிலும் வீட்டு மாடிகளில் தினமும் ஆங்கிலத்தில் வகுப்பு நடக்கிறது. அகமதாபாத்திலிருந்து அகல ரயில் பாதை 2022-இல் திறந்த பிறகு போவதும் எளிதாகிவிட்டது. ஆனால் இங்கே ஒரு பழக்கம் உண்டு. வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டை வதக்கி ஒரு கிரேவி செய்வார்கள். அதிலேயே பனீரைப் போட்டு ஒன்று, உருளையைப் போட்டு ஒன்று, முட்டையைப் போட்டு ஒன்று என்று ஐந்து கறி காட்டிவிடுவார்கள். தந்திரம்தான், வெளிநாட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு உபயோகமான தந்திரமும்கூட. அதைக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் அது அந்த வீட்டுச் சாப்பாடு இல்லை.

ஒரு நாள் முன்னதாகச் சொல்லி கட்டே கி சப்ஜியும் கேர் சாங்க்ரியும் கேளுங்கள். தண்ணீரும் பச்சைக் காயும் குறைந்த நாட்டில் என்ன சமைப்பார்கள் என்பதற்கு இரண்டும் பதில். கட்டே என்பது கடலைமாவைப் பிசைந்து விரல் நீளத்துக்கு உருட்டி, கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து, துண்டாக்கித் தயிர்க் குழம்பில் போடுவது. காய் ஒன்றுகூட வேண்டாம். தயிர் திரியாமல் கொதிக்க வைப்பதில்தான் கைப்பக்குவம். கொதி வரும்வரை கரண்டியை எடுக்கக் கூடாது. நம் மோர்க்குழம்பில் கொதி வருவதற்குள் இறக்கிவிடுவோம், அவர்கள் கொதிக்கவே விடுகிறார்கள். கேர் என்பது பாலையில் விளையும் ஒரு புதர்க்காய். சாங்க்ரி என்பது நம் ஊர்க் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி மரத்தின் நெற்று. நாம் சுற்றிவந்து கும்பிடுகிற மரத்தை அவர்கள் பறித்துக் காயவைத்துச் சமைக்கிறார்கள். காய்ந்த இரண்டையும் ஊறவைத்தே ஆக வேண்டும், அதனால்தான் முன்னதாகச் சொல்லச் சொன்னேன். ஜனவரியில் போவதால் கம்பு ரொட்டியும் கிடைக்கும். கையால் தட்டி விரிக்கும் ரொட்டி, முதல் நாள் உடைந்துகொண்டே இருக்கும்.

அமிர்தசரஸில் வகுப்புத் தேட வேண்டாம். பொற்கோயிலின் லங்கருக்கு, அதாவது எல்லோருக்கும் இலவசமாகச் சோறு போடும் கூடத்துக்குப் போங்கள். சாதாரண நாளிலேயே 50,000 பேருக்கு மேல் சாப்பிடும் இடம், இரவு பகல் அடுப்பு அணையாது. தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கைகால் கழுவிப் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. எந்த மதம், எந்த நாடு, வேலை தெரியுமா என்ற கேள்வியே இல்லை. பூண்டு உரிக்கிற கூட்டத்தில் உட்காரலாம், ரொட்டி இடுகிற வரிசையில் உட்காரலாம். இயந்திரமும் உண்டு, ஆனாலும் கையால் இடுகிற வரிசை ஓய்வதில்லை. பக்கத்துப் பாட்டி ஒரு மாவு உருண்டையையும் சப்பாத்திக் கட்டையையும் நீட்டுவார். வட்டமாக வராவிட்டால் சிரித்துக்கொண்டே வாங்கி, ஓரத்தை எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டுத் திருப்பித் தருவார். அங்கே மொழி எதற்கு? இரண்டு மணி நேரத்தில் நூறு ரொட்டி இட்ட கை, வகுப்பில் நாலு ரொட்டி இட்ட கையைவிட நிச்சயம் மேல். காசு கிடையாது. உண்டியலில் மனம்போலப் போடுங்கள். டெல்லியில் கன்னாட் பிளேஸ் பக்கம் இருக்கும் பங்களா சாஹிப் குருத்வாராவிலும் இப்படியே உட்காரலாம்.

குளிர்காலத்துப் பஞ்சாபில் கடுகுக்கீரை மசியலும் மக்காச்சோள ரொட்டியும்தான் தினச் சாப்பாடு. தங்கும் வீட்டில் கேட்டால் கற்றுத் தருவார்கள். கடுகுக்கீரையின் காட்டம் அடங்கப் பாலக் கீரையும் பதுவா என்ற சக்கரவர்த்திக் கீரையும் சேர்த்து, கடைசியில் மக்காச்சோள மாவைத் தூவிக் கடைவார்கள். நம் மத்துதான். ஒரு எச்சரிக்கை: ஜனவரிப் பனிமூட்டத்தில் வடக்கத்தி ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். வகுப்புக்கு முதல் நாளே ஊர் போய்ச் சேரும்படி டிக்கெட் போடுங்கள்.

ஒரு வாரம் மிச்சம் இருந்தால் கொல்கத்தா. குளிர்காலத்தில் மட்டும் வரும் ஈச்சமரத்து வெல்லமும், கடுகு அரைத்து வைக்கும் மீனும் அங்கே. அரிவாள்மனையை அவர்கள் 'போன்ட்டி' என்கிறார்கள், காலால் மிதித்துக்கொண்டு பெரிய மீனையே அறுப்பார்கள். மற்றபடி கோவா, வாரணாசி, ரிஷிகேஷ், தர்மசாலா எல்லா இடத்திலும் 'குக்கிங் கிளாஸ்' பலகைகள் தொங்கும். தர்மசாலாவில் திபெத்தியர்களிடம் மோமோ மடிக்கக் கற்கலாம், அரை நாள் வேலை. ஆறு வாரத்தில் இதற்கெல்லாம் ஆசைப்படாதீர்கள்.

பணம்: நான் பார்த்த வரையில் வீட்டு வகுப்புகள் தலைக்கு 1,000 முதல் 2,500 ரூபாய் வரை. பாரம்பரிய விடுதிகளில் 3,000-க்கு மேல் தொடங்கும். அவள் கற்கிறாள், நான் சாப்பிட மட்டும் வருகிறேன் என்று நீங்கள் சொன்னால் பல வீடுகளில் உங்களுக்குச் சாப்பாட்டுக் காசு மட்டும் வாங்குவார்கள். இந்தியர்தானே என்று குறைத்துக் கேட்கலாமா என்றால் கேட்கலாம், நான் கேட்பதில்லை. நாள் முழுக்க ஒரு பெண்மணி அடுப்பைவிட்டு நகராமல் நிற்கிற கூலி அது. இரண்டாம் நாளுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துப் பேசுங்கள், சந்தை வேலையும் விளக்குகிற வேலையும் அன்று குறைவு.

அவள் பையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருக்கட்டும். நம் வீட்டுச் சமையல் கண்ணளவு, கையளவு. "எவ்வளவு உப்பு?" என்றால் "தேவையான அளவு" என்பார்கள். உப்பு ஜாடியைச் சமைப்பதற்கு முன் ஒரு தடவையும் முடிந்த பிறகு ஒரு தடவையும் தராசில் வைத்தால் போதும், போட்டது எவ்வளவு என்று தெரிந்துவிடும். மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, எண்ணெய்க்கும் அதே வேலை. சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால், நம்மைச் சோதிக்கிறாள் என்று நினைப்பார்கள். அச்சடித்துத் தரும் செய்முறைத் தாளை நம்ப வேண்டாம். அதில் இரண்டு தேக்கரண்டி என்று இருக்கும், கை ஐந்து போட்டிருக்கும். மசாலா வதங்கும்போது என்ன நிறம், எண்ணெய் பிரியும்போது என்ன சத்தம் என்பதற்கு ஃபோனில் பத்துப் பத்து நொடி வீடியோ எடுத்தால் போதும். முழு வகுப்பையும் படம் பிடிக்கிறவர்கள் எதையும் கற்பதில்லை.

சில வீடுகளில் வெளியாரைச் சமையலறைக்குள் விடமாட்டார்கள். முற்றத்தில் தனி அடுப்பு வைத்துக் கற்றுத் தருவார்கள். வருத்தப்பட ஒன்றும் இல்லை, வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கும். ஜைன வீடுகளில் வெங்காயம், பூண்டு, உருளை இருக்காது, அது இல்லாமல் எப்படி என்பதே அங்கே பாடம். சமைக்கும்போது ருசி பார்த்த கரண்டியைத் திரும்பச் சட்டியில் வைக்கக் கூடாது என்பதை மட்டும் அவளிடம் முன்பே சொல்லிவையுங்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் பழக்கத்தில் செய்துவிடும், அந்த ஒரு கரண்டியில் முழுச் சட்டியும் கீழே போன வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், 'போதும்' என்ற சொல்லை எல்லா மொழியிலும் கற்றுக்கொள்ளட்டும். மலையாளத்தில் மதி, இந்தியில் பஸ். சமைக்கும்போதும் உதவும், சாப்பிடும்போது அதைவிட உதவும்.

கடைசியாக மூட்டை. காரைக்குடியில் இரும்புப் பணியாரக் கல்லையும் அரிவாள்மனையையும் பார்த்துவிட்டு அவள் வாங்காமல் வரமாட்டாள். இரண்டையும் செக்-இன் பையில் வையுங்கள், அரிவாள்மனை கைப்பையில் இருந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். பொடிகள், குடம்புளி, காய்ந்த சாங்க்ரி எல்லாவற்றையும் கனடாவில் இறங்கும்போது மறைக்காமல் அறிவித்துவிட வேண்டும். பணியாரக் கல்லைக் கோவையிலேயே பழக்கிக் கொடுத்து அனுப்புங்கள். எண்ணெய் தடவிக் காயவைத்து, முதல் இரண்டு ஈடு மாவை ஊற்றி எடுத்துத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். புதுக் கல்லோடு டொராண்டோவின் மின்சார அடுப்பில் தனியாக முட்டி மோதினால் ஒரு பணியாரமும் கழன்று வராது, நடுராத்திரியில் உங்களுக்குத்தான் ஃபோன் வரும்.